எனக்கு ஒரு எண் வேண்டும்

ஜனவரி 12, திங்கள்

அம்மா பத்து முட்டை வாங்கி வரச் சொன்னாள். நான் ஒரு டஜன் வாங்கி வந்தேன்.

காரணம் எளிது. கடைக்காரர் முன்னால் நின்று அந்த எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தேன், உதடுகள் ஒட்டிக்கொண்டன. எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். "ஒரு டஜன்" என்றேன். அது வழுக்கிக்கொண்டு வந்தது. வீட்டில் அப்பா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "உனக்குக் கணக்கு வரலையா, கடைக்காரருக்கு வரலையா?" என்று கேட்டார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. முட்டைகளை எடுத்து அடுக்கிவிட்டுப் போனாள்.

எனக்கு 'ப'வும் 'த'வும் ஆகாது. சொல்லின் நடுவில் வந்தால் தொந்தரவு இல்லை. தொடக்கத்தில் வந்தால் கதவு சாத்திக்கொள்ளும். அதனால் நான் பணம் என்று சொல்வதில்லை, காசு. பயம் இல்லை, அச்சம். தண்ணீர் இல்லை, நீர். புத்தகம் இல்லை, நூல். இதைக் கேட்டுக் கேட்டு வகுப்பில் எனக்குப் 'புலவர்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அந்தப் பட்டத்தையும் என்னால் சொல்ல முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாது. என் சொந்தப் பெயர் 'த'வில் தொடங்குகிறது. வைத்தவர்களுக்கு என் மேல் என்ன கோபமோ.

எழுதும்போது இந்தத் தொல்லை கிடையாது. இங்கே எல்லாச் சொல்லும் என் சொல். பத்து, பத்து, பத்து.

பள்ளியில் இன்று அறிவித்தார்கள்: அடுத்த வகுப்பில் இலக்கியப் பிரிவுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு மார்ச்சில் வாய்மொழித் தேர்வு. குலுக்கலில் வரும் தலைப்பில் பேச வேண்டும். மணி அடித்தால் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் உட்கார வேண்டும். எழுத்துத் தேர்வே கிடையாது. இருந்திருந்தால் இந்தக் கவலையே இல்லை. எங்கள் வகுப்பில் எழுத்தில் என் பக்கத்தில் வர ஆள் இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை அதுதான்.

எனக்கு அந்தப் பிரிவு வேண்டும். வேறு எந்தப் பிரிவும் வேண்டாம்.

ஜனவரி 14, புதன்

பள்ளி விட்டதும் அம்மா வேலை செய்யும் சிகிச்சை மையத்துக்குப் போய், பின்னறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவது என் வழக்கம். பேச்சுக்கும் மொழிக்கும் மட்டுமான மையம் அது. முன்னறைகளில் தெரபிஸ்டுகள் ஆட்களைப் பேச வைத்துக்கொண்டே இருப்பார்கள். பின்னறையில் பேச்சே கிடையாது. இரண்டு மேசை, இரண்டு கணினி, அம்மா, கழுகு அக்கா. தெரபிஸ்டுகள் எழுதி அனுப்புவதைப் படித்து, வந்தவருக்கு என்ன குறை என்பதற்கான கோடு எண்ணைப் போடுவது இவர்கள் வேலை. மெடிக்கல் கோடிங். காப்பீட்டுக்காரர்களும் பள்ளிகளும் மற்ற மருத்துவர்களும் அந்த எண்ணை வைத்துத்தான் ஆளைப் புரிந்துகொள்கிறார்கள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். "உங்கம்மா வருஷக்கணக்கா கோடு போடறா, இன்னும் ஒரு படம்கூட முடியலை" என்பார்.

கழுகு அக்கா என்பது அம்மா வைத்த பெயர். திரையில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அவருக்கும் அந்தப் பெயர் பிடித்துப் போய்விட்டது.

கோப்புகளை அம்மா என் கண்ணில் காட்ட மாட்டாள். "அது அவங்கவங்க வீட்டு விஷயம்" என்பாள். ஆனால் கோடு எண்கள் அச்சடித்த தடிப் புத்தகத்தை நான் படிக்கலாம். நாவல் மாதிரி படித்திருக்கிறேன். அது ஒரு ஊர். எஃப் தெருவில் எண்பதாம் எண்ணில் குழந்தைகளோடு கூடவே வளர்ந்த பேச்சுத் தொல்லைகள் எல்லாம் குடியிருக்கின்றன. ஆர் தெருவில், காரணம் இன்னும் பிடிபடாத குளறல்கள். பக்கவாதத்தால் பேச்சுப் போனவர்களுக்கு ஐ தெரு. வெளியிலிருந்து கேட்டால் மூன்று தெருக்காரர்களும் ஒரே மாதிரி தடுமாறுவார்கள். ஆனால் தடுமாற்றம் எப்போது வந்தது, எதனால் வந்தது என்பதைப் பொறுத்து வேறு வேறு தெருவில் வீடு.

எஃப் 80.81: குழந்தைப் பருவத்தில் தொடங்கிய திக்கல். என் வீடு அதுதான். வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே வா என்று யாரும் இதுவரை கூப்பிடவில்லை.

இந்த வேலையில் பெரிய சட்டம் ஒன்று: ஊகிக்கக் கூடாது. 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்று தெரபிஸ்ட் எழுதியிருந்தால் அந்தக் குறைக்கு எண் கிடையாது. கண்ணால் கண்டது, காதால் கேட்டது எதுவோ அதற்கு மட்டும்தான் எண். எனக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடிக்கும்.

ஜனவரி 19, திங்கள்

இலக்கிய டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மருத்துவச் சான்று இருந்தா உனக்குக் கூடுதல் நேரம் தருவோம். கோடு எண்ணோட இருக்கணும். பிப்ரவரி கடைசிக்குள்ள குடுத்துடு" என்றார்.

நான் திக்குவது அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். "நீ வகுப்புல கைய தூக்கிட்டு, நான் பாக்கறதுக்குள்ள இறக்கிடற. வருஷம் பூரா பாத்திருக்கேன்" என்றார்.

வீட்டுக்கு ஓடி வந்தேன். ஒரே ஒரு எண். அது என் பெயருக்கு எதிரே ஏறினால் போதும். அம்மாவுக்கு அதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் உண்டா?

ஜனவரி 20, செவ்வாய்

அம்மா முடியாது என்றுவிட்டாள்.

ஜனவரி 22, வியாழன்

முந்தாநாள் கோபத்தில் எதையும் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

"உனக்கு ஒண்ணுமில்ல. மூச்ச இழுத்து விட்டு மெதுவா பேசு, சரியாப் போயிடும்" என்றாள் அம்மா.

"நீ நாள் முழுக்க எத்தனை ஆளுக்கு எண் குடுக்கற. எனக்கு ஒண்ணு குடுத்தா என்ன?"

"அவங்க முகம் எனக்குத் தெரியாதுடி."

 அம்மா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "ஒரு தடவை ஏறிடுச்சுன்னா இறங்காது. எங்க போனாலும் உனக்கு முன்னாடி அது போய் உக்காந்திருக்கும்" என்றாள்.

அப்பா நடுவில் வந்தார். "லிஃப்ட்ல கோளாறுன்னா கதவுல எழுதி ஒட்டறோம். ஒட்டினதாலயா கோளாறு வந்துச்சு?"

"லிஃப்டுக்குக் கல்யாணம் பண்ணணுமா, வேலைக்கு அனுப்பணுமா?"

"ஒட்டலைன்னா ஜனங்க ஏறி நடுவுல மாட்டிக்குவாங்க."

நான், "நான்தான் நடுவுல மாட்டிட்டு இருக்கேன், அம்மா, எனக்குத் த... த..." என்று நின்றேன். தனியாக என்று சொல்ல வந்தேன். "தனியா" என்று அம்மா முடித்துவிட்டாள். எப்போதும் இப்படித்தான், நான் மாட்டிக்கொண்டால் அம்மா சரியான சொல்லை எடுத்து வைத்துவிடுவாள். ஒரு நாளும் தவறியதில்லை. அவள் முடித்ததும் எனக்கு என்ன சொல்ல வந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

அப்பா சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டார். அம்மா வேலை செய்யும் மையத்திலேயே. என் கோப்பு அம்மாவிடம் போகாது. சொந்தக்காரர்கள் கோப்பைத் தொடக் கூடாது என்பது விதி. கழுகு அக்காதான் பார்ப்பார்.

ஜனவரி 24, சனி

பரிசோதனை முடிந்தது. நன்றாகவே செய்தேன் என்று நினைக்கிறேன்.

தெரபிஸ்ட் குட்டை முடி வைத்த பெண். சிரித்த முகம். ஒரு படத்தைக் காட்டி என்ன நடக்கிறது என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். விடுமுறையில் என்ன செய்தாய் என்றார். சொன்னேன். ஒரு பக்கத்தைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னார்.

'பழைய படகு ஒன்று தனியாகத் திரும்பி வந்தது' என்று அதில் இருந்தது. ஒரே வாக்கியத்தில் நான்கு கதவு. வேண்டுமென்றே எழுதியது போல. நான் நிற்கவே இல்லை. 'முதிய ஓடம் ஒன்று ஆளில்லாமல் மீண்டு வந்தது' என்று வாசித்தேன். பக்கம் முழுக்க அப்படியே. உண்மையைச் சொன்னால் சில இடங்களில் என் வாக்கியம் அச்சில் இருந்ததைவிட நன்றாக இருந்தது.

தெரபிஸ்ட் தலையைச் சாய்த்துக் கேட்டார். எழுதினார். மறுபடி எழுதினார்.

வெளியே வந்ததும் அப்பா, "திக்கினியா?" என்றார்.

"இல்லை."

"அப்புறம் எதுக்கு வந்தோம்?" என்றார்.  இப்போது யோசிக்கிறேன். நல்ல கேள்வி.

ஜனவரி 28, புதன்

வகுப்புத் தோழி மைக் கேட்டாள்: "ஏய் புலவரே, உனக்கு என்னடி, வாயத் தொறந்தா அருவி. நானெல்லாம் என்ன பண்றது?" அவளும் இலக்கியப் பிரிவுக்கு முயற்சி செய்கிறாள். அவள் பேசினால் அடுத்த தெருவில் கேட்கும், அதனால்தான் மைக். அவளிடம் உண்மையைச் சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

அறிக்கை வந்தது. சாப்பாட்டு மேசையில் அப்பா படித்தார்.

'பேச்சு சரளமாக உள்ளது. சொல்வளம் வயதுக்கு மிக அதிகம். உரக்க வாசிக்கும்போது அச்சில் உள்ள சொற்களுக்குப் பதிலாக வேறு சொற்கள் வருகின்றன. வாசிப்புக் குறைபாடு இருக்கலாம். மேலும் பரிசோதிக்கவும்.'

எனக்கு. வாசிப்புக் குறைபாடு.

நூலகத்தில் சிறுவர் பகுதியை முடித்துவிட்டேன் என்று நூலகரே பெரியவர்களுக்கான அட்டை கொடுத்தாரே, அந்த எனக்கு. கோடு புத்தகத்தைக்கூட விட்டுவைக்காத எனக்கு.  "ப... ப... ப..." என்று ஆரம்பித்தேன், பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல. அம்மா முடிக்கவில்லை. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அப்பாவும் சேர்ந்துகொண்டார். எனக்கு அழுகையாக வந்தது.

பிறகு அம்மாவின் சிரிப்பு நின்றது. கையை எடுத்தாள்.

"எந்த வார்த்தையெல்லாம் மாத்தின?" என்றாள்.

ஏன் தப்பாக வாசித்தாய் என்று கேட்கவில்லை. கவனமாகப் படிக்கக் கூடாதா என்று கேட்கவில்லை. எதை மாற்றினாய்? நான் சொன்னேன். பழைய, படகு, தனியாக, திரும்பி. அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள், தனக்குத் தெரிந்த ஊர்களின் பெயரைக் கேட்பவள் போல.

பிப்ரவரி 3, செவ்வாய்

எனக்கு எண் வேண்டும். ஆனால் நான் திக்குவதை யாரும் கேட்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே பெண் ஒரே நேரத்தில் எப்படிக் கேட்டாள்? புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் வேறு.

காதால் கேட்டதற்கு மட்டும்தான் எண். எனக்கு மிகவும் பிடித்த சட்டம்.

பிப்ரவரி 5, வியாழன்

அம்மாவே மறுபடி நேரம் வாங்கிவிட்டாள். நானோ அப்பாவோ கேட்கவில்லை.

"நீ வேண்டாம்னு தானே சொன்ன?" என்றார் அப்பா.

"இன்னிக்கு 'இருக்கலாம்'னு எழுதியிருக்கு. கழுகு எண் போடாது, எனக்குத் தெரியும். ஆனா அடுத்து பாக்கறவங்க அவசரத்துல 'இருக்கலாம்'ங்கறத விட்டுட்டு எழுதுவாங்க. அதுக்கப்புறம் பாக்கறவங்க அதையே பாத்து எழுதுவாங்க. எத்தனை கோப்புல பாத்திருக்கேன். கடைசில இல்லாத குறை ஒண்ணு இவ பேர்ல நிக்கும்." கையிலிருந்த துணியை உதறி மடித்தாள். "என் பொண்ணு கோப்புல தப்பான எண் ஏறக் கூடாது. ஏறறதா இருந்தா சரியானது ஏறட்டும்."

அம்மா எண்ணுக்குப் பயப்படுவாள் என்று நினைத்திருந்தேன். தவறான எண்ணுக்கு அதைவிட அதிகமாகப் பயப்படுகிறாள். அம்மாவை எனக்கு மிகவும் பிடிக்கிறது என்று இங்கே எழுதி வைக்கிறேன். நேரில் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

மைக்கிடம் சொல்லிவிட்டேன். ஒத்திகை மாதிரி. மைதானத்தில் யாரும் இல்லாத பக்கம் போய், எந்தச் சொல்லையும் மாற்றாமல் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். "எனக்குப் ப... பே... பேசறது கஷ்டம்" என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

மைக் வாயைத் திறந்தபடி கேட்டாள். முதல் தடவையாக அவள் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. பிறகு, "அப்போ நூல், அச்சம், நீரெல்லாம் இதுக்குத்தானா? உனக்கு ரொம்பத் திமிர்னு நாங்க எல்லாரும் நினைச்சிட்டு இருந்தோம்டி" என்றாள்.

"கொஞ்சம் அதுவும் உண்டு" என்றேன்.

"அது தெரியும். போ."

பிப்ரவரி 14, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுத வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது.

அம்மா கூட வந்தாள். ஒவ்வொரு நாளும் வேலை செய்யும் இடம்தான். ஆனால் முன்னறை நாற்காலியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், புது ஊரில் பேருந்துக்குக் காத்திருப்பவள் மாதிரி.

நான் தெரபிஸ்டிடம் நேராகச் சொன்னேன், சென்ற முறை சொற்களை மாற்றியதை. அவர் பழைய தாளை எடுத்துப் பார்த்தார். பென்சிலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டார். எல்லாம் 'ப', எல்லாம் 'த'. நாற்காலியில் சாய்ந்தார்.

"நல்லா ஏமாத்திட்ட என்னை. நான் பாத்திருக்கணும். நீ வாசிச்சது அவ்வளவு அழகா இருந்துச்சு, நான் அதையே கேட்டுட்டு இருந்துட்டேன்" என்றார். பிறகு, "இன்னிக்கு மாத்தாத. வர்றது எப்படி வருதோ அப்படியே வரட்டும். முதல்ல உன் பேர் சொல்லு" என்றார்.

பெயர். அதற்கு மாற்றுச் சொல் எந்த நூலிலும் இல்லை.

நாக்கு பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. காற்று வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். சுவர்க் கடிகாரம் கேட்டது. பக்கத்தில் அம்மா மூச்சை இழுப்பது கேட்டது. முடித்து வைக்கப் போகிறாள் என்று தெரிந்தது. கண்ணைத் திறந்தேன். தெரபிஸ்ட் அம்மாவைப் பார்த்து ஒரு விரலை லேசாகத் தூக்கியிருந்தார். அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

வந்தது. என் பெயர். உடைந்து, மூன்று துண்டாக, ஆனால் முழுசாக. இதுவரை அதை எத்தனை பேர் முடித்து வைத்திருப்பார்கள்? இன்று நானே முடித்தேன்.

அதற்குப் பிறகு படகுக் கதையை வாசித்தேன். பழைய படகு ஒன்று தனியாகத் திரும்பி வந்தது. வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. தெரபிஸ்ட் எழுதிக்கொண்டே இருந்தார். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் குஷியாகவும் இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. எப்போதும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் விட்டுவிட்டால் கை லேசாகிவிடும் அல்லவா, அப்படி.

கடைசியில் தெரபிஸ்ட் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"

"யாரும் இல்ல" என்றாள் அம்மா. சரளமாக.

தெரபிஸ்ட் எழுதப் போனார்.

"இருக்கு" என்றாள் அம்மா. "எனக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். வீட்டில் எங்களோடு பேசும்போது அவள் மாட்டிக்கொண்டு நான் கேட்டதே இல்லை.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டார் தெரபிஸ்ட்.

அம்மா வாயைத் திறந்தாள். உதடுகள் ஒட்டிக்கொண்டன. தாடை ஒரு பக்கமாகக் கோணியது. கண் கீழே போயிற்று. அது என் தாடை. கண்ணாடியில் நான் பார்க்கிற, யாருக்கும் காட்டாத, என் தாடை. "ப... ப..." என்றாள். பள்ளிக்கூடம் என்று சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்கூல் என்று சொல்லலாம். சின்ன வயசிலிருந்து என்று சொல்லலாம். எனக்கே உடனே இரண்டு வழி தெரிந்தது; இத்தனை வருடம் ஒளித்து வைத்தவளுக்கு எத்தனை தெரிந்திருக்கும்? அம்மா எதையும் எடுக்கவில்லை. அங்கேயே நின்றாள்.

"ப... பள்ளிக்கூடத்துல சேர்ந்ததுலேர்ந்து" என்று முடித்தாள்.

தெரபிஸ்ட் எழுதினார். நான் அம்மாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டேன், கையைப் பிடிக்கக் கூச்சமாக இருந்ததால்.

 வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும், "அப்பாவுக்குத் தெ... தெரியுமா?" என்றேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிட்டார். நான் சொல்லலை. ஹோட்டல்ல எனக்கு என்ன வேணுமோ அதை விட்டுட்டு வேற எதையாவது கேப்பேனாம். வந்ததும் தட்டையே பாத்துட்டு உக்காந்திருப்பேனாம்."

பிப்ரவரி 18, புதன்

சான்று வந்துவிட்டது. எஃப் 80.81. கழுகு அக்கா போட்ட எண், தெரபிஸ்ட் கையெழுத்து. இலக்கிய டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். ஒரு பிரதி எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். எதற்கு? சும்மா. எண்ணைப் பார்த்தால் என் வீட்டுக் கதவைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 26, வியாழன்

அம்மாவும் தெரபிஸ்டிடம் போகப் போகிறாளாம். வாரம் ஒரு நாள், மதிய இடைவேளையில். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரு கதவுதான். அதைத் தாண்ட இவ்வளவு வருடம்.

மார்ச் 13, வெள்ளி

தேர்வு.

குலுக்கலில் எனக்கு வந்த தலைப்பு: பாலங்கள். பாலத்துக்கு இணையாக வேறு சொல் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். எடுத்திருப்பேனோ? தெரியவில்லை. ஓர் இடத்தில் தூண் என்பதற்குப் பதில் கால் என்று சொல்லிவிட்டேன். பழக்கம்.

மேசையில் இலக்கிய டீச்சரும், வேறு பள்ளியிலிருந்து வந்த ஒரு சாரும். முதல் 'பாலம்' வருவதற்குள் சார் தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார். வேண்டாம், பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் குவளையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நான் கை காட்டி ஒரு பெரிய மனிதர் பின்வாங்குவது என் வாழ்க்கையில் முதல் தடவை.

அதற்குப் பிறகு ஓடியது. விழுந்து எழுந்து ஓடியது. எங்கள் தெருமுனைப் பாலத்தைப் பற்றிச் சொன்னேன்: இரண்டு கரைக்காரர்களும் அதைத் தங்களுடையது என்கிறார்கள், சுத்தம் செய்ய மட்டும் இரண்டு கரையும் வருவதில்லை. சார் சிரித்தார். சாதாரண நேரத்து மணி அடித்தது. அது எனக்கு இல்லை என்பதால் மேலே பேசினேன். கூடுதல் நேரத்து மணியும் அடித்தது. அப்போதும் பேசிக்கொண்டிருந்தேன்.

"நேரம் முடிஞ்சிடுச்சும்மா. குடுத்தது போதலையா?" என்றார் இலக்கிய டீச்சர்.

"போ... போதலை டீச்சர். இன்னும் தொங்கு பா... பாலத்துக்கே வரலை."

மைக் வெளியே காத்திருந்தாள். அவளுக்கு வந்த தலைப்பு: மௌனம். முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மார்ச் 19, வியாழன்

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். சரளத்துக்கு மிகக் குறைவு. பொருளுக்கும் சொல்லாட்சிக்கும் என்னைவிட அதிகம் யாருக்கும் இல்லை. மொத்தத்தில் கீழிருந்து இரண்டாவது இடம். கீழிருந்து இரண்டாவது என்றாலும் உள்ளேதான். மைக் மூன்றாவது, அதுவும் கீழிருந்து. "பக்கத்துப் பக்கத்துல உக்காரலாம் புலவரே" என்று கத்தினாள். மேல் மாடியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மார்ச் 21, சனி

இரவுச் சாப்பாட்டில் அம்மா ஒரு கதை சொன்னாள். முழுக் கதையையும் அவளே சொன்னாள்.

நேற்று அவளுடைய முதல் அமர்வுக்கான ரசீது வந்தது. அதில் எஃப் 98.5 என்று இருந்ததாம். அது பெரியவர்களான பிறகு திக்கல் தொடங்கியவர்களுக்கான எண். கழுகு அக்கா கோப்பில் நாற்பத்து மூன்று வயது என்பதைப் பார்த்துவிட்டு அதைப் போட்டுவிட்டார். தெரபிஸ்ட் எப்போது தொடங்கியது என்று எழுத மறந்திருக்கிறார். கழுகு அக்கா அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவருக்கே சறுக்கியது.

பக்கத்து மேசைதான். குறிப்புச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அம்மா எல்லாவற்றுக்கும் அதைத்தான் செய்வாள். நேற்று எழுந்து போய் அவர் முன்னால் நின்றாளாம்.

"வயச வச்சுப் போடக் கூடாது. தொ... தொடங்கினது எப்போன்னு பாக்கணும். எனக்கு சின்னப் பிள்ளையிலேர்ந்து இருக்கு. எண்பது புள்ளி எட்டு ஒண்ணு" என்றாளாம்.

கழுகு அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாராம். "இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்திருக்கேன். கோப்பைப் பாக்கற வரைக்கும் எனக்குத் தெரியலையே" என்றாராம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்ததில், மதியம் வந்த கோப்பெல்லாம் அப்படியே கிடந்ததாம். பின்னறையில் பேச்சுச் சத்தம் கேட்டு முன்னறையிலிருந்து தெரபிஸ்ட் எட்டிப் பார்த்தாராம்.

"அப்போ உனக்கும் இவளுக்கும் ஒரே எண்ணா?" என்றார் அப்பா. "நான் மட்டும் வெளியாளா? எனக்கும் ஏதாவது பாத்துப் போட்டுக் குடேன்."

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டது. என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, சொல்லவில்லை. அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. யாருக்கும் அவசரம் இல்லை.